நஞ்சு இறங்கியிருக்கிறது

உயிரோடு உதைத்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் இதயம் நின்றுவிட்டது என்று முடிவுகட்டி, அதைத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தவன் நான். வெளியே தெரிந்தால் அவமானம்தான். ஆனால் கூட இருந்து பார்த்த நர்ஸ் ஜமீலாவுக்கு ஞாபகசக்தி அதிகம். அவர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது உத்தமம்.

தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஸ்கேன் மிஷின் எங்கள் ஆஸ்பத்திரி வேனுக்கு வந்த புதிது. லால்குடியைத் தாண்டி ஒரு கிராமத்தில் வேனை நிறுத்தி, உள்ளே ஒரு கர்ப்பிணியைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் இதயத்தின் நான்கு அறைகளும் பாடப்புத்தகப் படம்போல அவ்வளவு துல்லியம். துடிப்பு மட்டும் இல்லை. வயிற்றில் வைத்துத் தேய்க்கும் கருவியை, ப்ரோப் என்போம், மேலே நகர்த்தினேன். அதே இதயம். கீழே நகர்த்தினேன். அதே இதயம். இடுப்போரத்தில் வைத்தாலும் அதே இதயம். வயிறு முழுக்க இதயமாக ஒரு குழந்தை இருக்க முடியாது என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பதற்றத்தில் அறிவு வேனை விட்டு இறங்கிப் போயிருந்தது.

படுத்திருந்த பெண் நெளிந்தாள். “சார், கொஞ்சம் மெதுவா அமுக்குங்க. புள்ள உதைக்குது.”

செத்த குழந்தை உதைக்காது என்கிற அளவுக்கு எனக்கு மருத்துவம் தெரியும். குனிந்து பார்த்தேன். படத்தை அசையாமல் நிறுத்திவைக்கும் பொத்தானின் மேல் என் இடது முழங்கை சுகமாக ஊன்றியிருந்தது. படத்தை நானே நிறுத்திவிட்டு, அது நின்றுபோனதற்கு நானே துக்கம் அனுசரித்திருக்கிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அந்த வேனுக்கு எனக்கு அடுத்து வந்திருக்கும் இளம் டாக்டர். போன மாதம் வீட்டுக்கு வந்து புது மிஷினைப் பற்றிச் சொன்னார். ப்ரோப்பே சோப்புப் பெட்டி அளவுதானாம். படம் உள்ளங்கை அகலத் திரையில் தெரியுமாம். குழந்தையின் தலைச் சுற்றளவை அதுவே கோடு போட்டு அளந்துகொள்ளுமாம். “உங்க காலத்துல எல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க?” என்றார். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. என் காலம் என்று ஒன்று முடிந்துபோனதாக அதுவரை எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. வருடக்கணக்காக ஒரே கோணத்தில் கையை நீட்டி அழுத்தியதில் வலது தோள்பட்டை வேலையை விட்டுவிட்டது. அது இல்லாமல் நான் மட்டும் போய் என்ன செய்வது என்று நானும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். நடந்தது அவ்வளவுதான்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எம்.பி.பி.எஸ்., பிறகு சில காலம் கிராமத்து வேலை, பிறகு ஸ்கேனுக்கென்று ஆறு மாதப் பயிற்சி. அதை ஓர் இருட்டறையில், ஏ.சி. குளிரில் கழித்தோம். தூங்காமலிருக்க அங்கே நன்றாகப் பயின்றேன். மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் கோமளவல்லி.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. அதன் பிரசவப் பகுதிக்கு அவர் தலைவர். பருத்திப் புடவை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு. நோயாளிகளுக்கு அவர் ‘டாக்டர் மாமி’. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். காதைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும்.

ஸ்கேன் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கர்ப்பிணியை இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். வயிற்றில் தடவும் ஜெல் பாட்டில் முன்கூட்டியே வெந்நீர்ச் சொம்பில் நிற்க வேண்டும். அதை மறந்து ஜில்லென்று தடவினால், “உன் வயத்துல ஐஸ் வெக்கட்டுமா, எப்படி இருக்குன்னு சொல்றயா?” என்று கேட்பார். வேனில் வெந்நீருக்கு வழியில்லாததால் டிரைவர் அந்தோணி பாட்டிலை என்ஜின் மூடிமேல் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பார். பதம் சரியாக இருக்கும். பொன்மலை ரயில் பட்டறைக்காரர், இரும்பு எவ்வளவு சுடும் என்று தெரிந்த குடும்பம்.

ஜெல் ஆனபிறகும் மிஷினைப் போட விடமாட்டார் மேடம். என் இரண்டு கைகளையும் வயிற்றில் வைக்கச் சொல்வார். திரை இருட்டாகவே இருக்கும். “தலை எங்க இருக்கு? முதுகு எந்தப் பக்கம்?” நான் பதில் சொன்ன பிறகுதான் பொத்தான். திரை என்னோடு ஒத்துப்போனால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒத்துப்போகவில்லை என்றால், “மிஷின் உன்னைக் காப்பாத்தித்து. அது ரிப்பேரான நாள்ல யாரு காப்பாத்துவா?”

இந்த முறைக்கு ஒரே ஒரு விலக்கு. அதைச் சொல்லும்போது குரல் தாழும்.

“ரத்தம் படறதுன்னு ஒருத்தி வந்தா மட்டும் கையைக் கட்டிக்கோ. உள்ள விரல் வெச்சுப் பார்க்கப்படாது. முதல்ல மிஷினைக் கேளு.”

காரணம் இதுதான். வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து உணவும் மூச்சும் வாங்கிக் கொடுக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அது கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டியிருக்க வேண்டும். சிலருக்குக் கீழே, குழந்தை வெளிவர வேண்டிய வாயையே மூடிக்கொண்டு ஒட்டியிருக்கும். தெரியாமல் விரல் பட்டால் குழாயைத் திறந்துவிட்டதுபோல ரத்தம் கொட்டும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, படத்தில்தான் தெரியும். அந்த உறுப்புக்குத் தமிழில் நஞ்சு என்று பெயர். நஞ்சுக்கொடி என்றும் சொல்வோம்.

அந்தச் சொல்லில் எனக்கு ஒரு தனிப் பெருமை. நான் கொஞ்சம் புத்தகம் படிக்கிறவன். கிராமத்தில் போய் ‘பிளசென்டா’ என்று சொல்லும் டாக்டர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். தெள்ளத்தெளிந்த தமிழ்ச்சொல் இருக்கையில் இவர்களுக்கு ஏன் இந்த வறுமை என்று ஜமீலாவிடம் சொற்பொழிவு ஆற்றுவேன். அவர் கையுறைகளைச் சுருட்டிக்கொண்டே “ஆமா சார்” என்பார். எல்லாவற்றுக்கும் அதேபோலத்தான் சொல்வார்.

இன்னொரு பயிற்சி, முகம். மிஷினுக்கு எங்களைவிடக் கட்டுப்பாடு அதிகம். பெண் என்று தெரிந்தால் கலைத்துவிடுகிறவர்கள் இருந்த காரணத்தால் வந்த சட்டம் அது. எங்கள் மிஷின் அந்த வேனுக்கென்று பதிவானது. வேன் போகும் இடமெல்லாம் போகலாம், வேனை விட்டு இறங்கக் கூடாது. நான் இறங்கி டீ குடிக்கலாம், அது உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று வாயால் சொல்லக் கூடாது, சைகையாலும் சொல்லக் கூடாது. ஆனால் குடும்பங்கள் டாக்டரின் புருவத்தைப் படிக்கும். ஒருமுறை ஒரு மாமியார் மேடத்திடம், “சும்மா கேக்குறேன் தாயி, கவுனு எடுக்கட்டுமா, டவுசர் எடுக்கட்டுமா?” என்றார்.

“துண்டு எடுங்கோ. பொறந்ததும் துடைக்கணும்,” என்றார் மேடம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, உன் மூஞ்சில டிவி ஓடறது. அணைச்சுடு. நம்ம ரங்கநாதரைப் பாரு. எத்தனை பேர் வந்து என்னென்ன கேட்டுட்டா. சிரிச்சாரா, கோச்சுண்டாரான்னு இன்னி வரைக்கும் யாருக்காவது தெரியுமோ? அந்த மாதிரி வெச்சுக்கோ.”

பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். என் மனைவி மாதக் கணக்கில் இதை என்னவோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்து மழை வருமா என்றுகூட யாரும் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டேன்.

இந்தப் பெருமைகள் இரண்டும், நல்ல தமிழும் பெருமாள் முகமும், சேர்ந்து ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தன. அதைத்தான் சொல்ல வந்தேன்.

உப்பிலியபுரத்துக்கு வாரம் ஒருமுறை வேன் போகும். சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். ஒருநாள் சரண்யா என்ற பெண்ணை அவள் கணவர் துரைராஜ் அழைத்து வந்தார். இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டாவது பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தார்கள். முதல் பிள்ளை சுகப்பிரசவம். இப்போது எட்டாம் மாதம். துரைராஜ் வேன் வாசலில் நின்று என்னமோ விவரமாகச் சொன்னார். நான் மிஷினில் பெயரைத் தட்டிக்கொண்டே “ம்” என்றேன்.

உள்ளே படுக்கவைத்து, கையை வைத்துப் பார்த்தேன். குழந்தையின் தலை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, மேலே மிதந்துகொண்டிருந்தது. திரையைப் போட்டேன். குழந்தை நலம். கீழே, கருப்பையின் வாயை மூடிக்கொண்டு, தோசைக்கல்லில் ஊற்றிய மாவுபோல நஞ்சு பரவியிருந்தது. ஜமீலா ஜெல்லைத் துடைத்து அவளை எழுப்பி உட்காரவைக்கும் நேரத்தில், நான் கீழே இறங்கி துரைராஜிடம் போனேன். முகத்தைப் பெருமாளாக்கிக்கொண்டேன்.

“நஞ்சு மேல ஏறலைங்க. கீழேயே இறங்கி உக்காந்திருக்கு. அதனால பிரசவம் நம்ம ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரியிலதான். வர்ற வெள்ளிக்கிழமையே வந்து சேந்துடணும்.”

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். “ரொம்ப சந்தோஷம் சார்.”

நம் ஊரில் எதற்கும் சந்தோஷம் என்பார்கள். கண்டக்டர் சில்லறை இல்லை என்றாலும் சந்தோஷம். நான் அடுத்த கர்ப்பிணியைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்தப் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரைத் தேடினோம். அவரே பிரசவத்துக்குப் போயிருந்தார். துறையூரில் எங்காவது சேர்த்திருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தக் கலையில் எனக்குப் பயிற்சி தேவைப்பட்டதில்லை.

அடுத்த வாரம் வேன் அதே சந்தைப் பக்கம் நின்றது. தோளில் ஒரு பலாப்பழத்தோடு துரைராஜ் வந்தார். என் காலடியில் அதை இறக்கி வைத்தார்.

“எதுக்குங்க இது?”

“நீங்க சொன்ன வார்த்தைக்குத்தான் சார். அதுக்கப்புறந்தான் வீட்டுல எல்லாருக்கும் சோறே இறங்குச்சு.”

“எந்த வார்த்தை?”

“விஷம் இறங்கிருச்சுன்னீங்களே.”

எனக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தேன்.

“பூரான் கடிச்சுதுல சார், அதுக்கு. அன்னைக்கே சொன்னேனே. விஷம் வயித்துப் புள்ளைக்கு ஏறியிருக்குமோன்னுதானே பாக்க வந்தோம். நீங்ககூட ம்-னு சொன்னீங்க.”

நஞ்சு மேலே ஏறவில்லை. கீழே இறங்கிவிட்டது. பூரானும் பாம்பும் தேளும் உள்ள ஊரில் ஒரு மனிதன் காதால் கேட்கக்கூடிய மிக நல்ல வாக்கியத்தை, மிக நல்ல தமிழில், எந்தப் பதற்றமும் இல்லாத முகத்தோடு நான் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொன்னதை, நல்லது நடந்தபின் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிற உபசார வார்த்தை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த சீட்டை சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம்.

“சரண்யா எங்க?”

“அவங்கம்மா வீட்டுல சார், மலை மேல. நல்லாருக்கு. நேத்துலேருந்து லேசா ரத்தம் படுது. வலி கிலி ஒண்ணும் இல்ல. மிச்ச விஷம் கழியுதுன்னு சொன்னாங்க. பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க இன்னைக்கு வந்து கைவிட்டுப் பாத்துச் சொல்றேன்னிருக்காங்க.”

வலியில்லாத ரத்தம். நஞ்சு வாயை மூடியிருக்கும் பெண்ணுக்கு உடம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை அது. சில சமயம் கடைசி எச்சரிக்கையும் அதுவே. இப்போது ஒரு விரல் உள்ளே போகப்போகிறது.

வருடக்கணக்காகப் பழக்கிய முகம் அந்த நிமிடம் என் கையை விட்டுப் போய்விட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்த மாதிரி இருந்தது என்று ஜமீலா பிறகு வர்ணித்தார். துரைராஜ் அதைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓடிப்போய் வேனின் முன் ஸீட்டில், அந்தோணிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அந்தோணியும் கேட்கவில்லை. வேனைக் கிளப்பினார். வரிசையில் இருந்த கர்ப்பிணிகளிடம் ஜமீலாதான் ஜன்னல் வழியே கத்திச் சொன்னார், அடுத்த வாரம் வாங்க என்று.

மலை ஏறும்போது துரைராஜ் திரும்பினார். “என்னன்னு சொல்லுங்க சார்.”

“அது விஷமே இல்லைங்க. புள்ளைக்குச் சாப்பாடு குடுக்கற சதை. அதுக்குப் பேரு அப்படி. அது புள்ள வர்ற வழியை அடைச்சிக்கிட்டு இருக்கு. யாராவது கைவிட்டா ரத்தம் நிக்காது.”

துரைராஜ் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். “இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே சார்.”

“சாருக்கு நல்ல தமிழ்தான் வரும்,” என்றார் அந்தோணி, ஸ்டியரிங்கிலிருந்து பார்வையை எடுக்காமல்.

வேன் போகக்கூடிய சாலை ஓர் இடத்தில் முடிந்தது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. துரைராஜும் ஜமீலாவும் முன்னால் ஓடினார்கள். நான் என் வயதுக்கு ஏற்ற ஓட்டம் ஓடினேன், அதாவது மூச்சு மட்டும் ஓடியது. நான் போய்ச் சேர்ந்தபோது ஜமீலா வீட்டு வாசற்படியில் இரு பக்கமும் கையை ஊன்றி வழியை மறித்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மா முற்றத்தில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய கைகளோடு, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் நின்றார்.

“நல்லா கழுவிட்டேன் சார்,” என்றார்.

“தெரியுதும்மா. உங்க மேல தப்பே இல்ல. இந்தப் புள்ளைக்கு மட்டும் வேண்டாம். அதுக்குக் காரணம் நான்தான், அப்புறம் சொல்றேன்,” என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தூக்குவதற்கு நாற்காலி கொண்டுவரப் போனார்.

சரண்யா சுவரோரம் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். புடவை நனைந்திருந்தது. ‘லேசா’ இல்லை. மிஷினை வேனை விட்டு இறக்கக் கூடாது, அதனால் அவளைத்தான் மிஷினிடம் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துரைராஜும் பக்கத்து வீட்டு ஆண்களும் கல் கல்லாகப் பார்த்துக் கால்வைத்து இறக்கினார்கள். அவள் அம்மா பின்னாலேயே வந்தார், ஒரு மஞ்சள் பையில் மகளின் மாற்றுத்துணியோடு.

வேனில் இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தோம். என்ஜின் மூடியிலிருந்து ஜெல் வந்தது, வெதுவெதுப்பாக. அவளை உள்ளே தொட்டுப் பார்க்கவில்லை. மிஷினைக் கேட்டேன். முழங்கையை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். இதயம் துடித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் வேகமாக. நஞ்சு வாயை முழுக்க மூடியிருந்தது, துளி சந்தேகத்துக்கு இடமில்லாமல். பேட்டரியில் ஓடும் அந்தப் பெட்டி அன்று எனக்குச் செய்த உதவி இதுதான். இந்த ரத்தம் வேறு எதனாலாவது இருக்குமோ, பக்கத்தில் எங்காவது காட்டிப் பார்க்கலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்கிற பேச்சுக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டது. ரத்தமும் மயக்க டாக்டரும் அறுவை அறையும் ஒரே கூரைக்கடியில் தயாராக இருக்கும் இடத்துக்கு நேரே போக வேண்டும். ஜமீலா ஊசியைக் குத்தி டிரிப்ஸை ஏற்றிவிட்டார். பாட்டிலைத் தொங்கவிட்ட கொக்கி ஆடியதால், கையிலேயே உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“உள்ள விரல் வெச்சியா?”

“இல்ல மேடம்.”

“வேற யாராவது வெச்சாளா?”

“இல்ல. கழுவின கையோட நின்னாங்க. தடுத்துட்டோம்.”

“சமர்த்து. ரத்தம் நான் ஏற்பாடு பண்றேன். அந்தப் பொண்ணு பேரென்ன? சரண்யாவா? அவகிட்ட போனைக் குடு.”

போனை சரண்யாவின் காதில் வைத்தேன். ஸ்பீக்கர் இல்லாமலே மேடத்தின் குரல் எனக்குக் கேட்டது.

“சரண்யா, நான் டாக்டர் மாமி பேசறேன். காலம்பற என்னம்மா சாப்பிட்டே?”

“கஞ்சிங்க.”

“எப்போ குடிச்சே? அப்புறம் ஒண்ணும் இல்லையா? சரி. இனிமே ஒண்ணும் குடிக்காம வா. இங்க வந்து நன்னா ஆனப்புறம் நானே ரசஞ்சாதம் கொண்டுவரேன்.”

மயக்க மருந்து கொடுக்கப்போகிறவளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. வயிற்றில் உணவு இருக்கிறதா, எவ்வளவு நேரமாயிற்று என்று தெரிய வேண்டும். ஆனால் சரண்யா அதை ஒரு பெரியம்மாவின் விசாரிப்பாகக் கேட்டாள். அவள் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். ஒரே வாக்கியம் இரண்டு பேருக்கு இரண்டு வேலை செய்ய முடியும் என்பதை நான் தப்பான விதத்தில் நிரூபித்திருந்தேன், அவர் சரியான விதத்தில் செய்துகாட்டினார்.

துறையூர் தாண்டி, மண்ணச்சநல்லூர் தாண்டி, அந்தோணி ஒருமுறைகூடத் திடீர் பிரேக் போடவில்லை. பின்னால் வந்து உட்கார்ந்திருந்த துரைராஜ் மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பழைய பெருமாள் முகத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். அது ஒட்டவில்லை.

“சார், நீங்க ஜன்னல் பக்கம் பாருங்க சார்,” என்றார் கடைசியில். “அது பயப்படுது.”

கொள்ளிடம் பாலம் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. உள்ளே போனதைத்தான் பார்த்தேன். பிறகு நீண்ட வராந்தாவில் நாங்கள் நான்கு பேரும், சரண்யாவின் அம்மாவும், அவருடைய மஞ்சள் பையும். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தை அழும் சத்தம் முதலில் வந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் இன்னொரு செய்திக்குக் காத்திருந்தோம். பாட்டில் பாட்டிலாக ரத்தம் உள்ளே போயிற்று. பிறகு மேடம் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

“ரெண்டு பேரும் இருக்கா.”

துரைராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை, சுவர் பின்னால் இருந்தது.

மறுநாள் மேடத்திடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நஞ்சு மேலே ஏறவில்லை, கீழே இறங்கியிருக்கிறது என்று சொன்னதை. திட்டுவார் என்று காதைக் கொண்டுபோனேன். அவர் ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளுகிறவர்போல விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் இத்தனை வருஷமா அதையேதான் சொல்லிண்டிருக்கேன். எத்தனை பேர் சந்தோஷமா ஆத்துக்குப் போனாளோ,” என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை இருவரும் விட்டோம். மாற்றுச் சொல் தேடினோம். ‘பிள்ளைக்குச் சோறு போடுற சதை’ என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ‘வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது’ என்பதுதான் இடித்தது. லால்குடியில் ஒரு வீட்டுக்காரர் கவனமாகக் கேட்டுவிட்டு, “வாஸ்து பாத்துரலாங்களா சார்?” என்றார். சொல்லை மாற்றினால் போதாது என்று அப்போது விளங்கியது. எதைச் சொன்னாலும், “நான் இப்ப என்ன சொன்னேன், நீங்க ஒருதடவை சொல்லுங்க” என்று கேட்க ஆரம்பித்தேன். எத்தனை விதமாக என் பேச்சு மற்றவர் காதில் போய் விழுகிறது என்று அதில்தான் தெரிந்தது; முந்தைய வருடங்களைக் கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை. முகத்தையும் பிரித்துக்கொண்டேன். ஆணா பெண்ணா என்ற கேள்விக்குப் பெருமாள், மற்ற எல்லாவற்றுக்கும் சாதாரண மனிதன். பயப்பட வேண்டிய இடத்தில் நானும் பயந்து காட்டினேன். ஜனங்கள் உடனே பஸ் ஏறினார்கள்.

அந்த வேலைக்கு நான் கடன்பட்டவன். பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தால் சரண்யாவை ஒரு படமாக மட்டும் பார்த்திருப்பேன். மேடத்தின் அந்த ஒரு விலக்கு விதி இல்லையென்றால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஜமீலாவின் இரண்டு கைகள் அந்த வாசற்படியில் இல்லையென்றாலும் தெரியாது. எல்லாவற்றையும்விட, துரைராஜ் அன்று நன்றி சொல்ல வராமல் இருந்திருந்தால்? நான் செய்யாத ஒன்றுக்காக, நான் சொல்லாத ஒன்றுக்காக, ஒரு மனிதன் தோளில் பழம் சுமந்து வந்தான். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நன்றிகளில் தகுதியில்லாமல் வாங்கியது அதுதான், ஓர் உயிரைக் காத்ததும் அதுதான்.

இதையே என் விடைபெறும் நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில் போட்ட நாற்காலிகளுக்கு முன்னால் நின்று பேசினேன். துரைராஜும் சரண்யாவும் மகளோடு வந்திருந்தார்கள். அந்தச் சிறுமி என் பேச்சு முழுவதும் மைக் வயரை மிதித்துக்கொண்டிருந்தாள். நன்றி என்ற உணர்ச்சிக்குத் தப்பான முகவரி என்று ஒன்று கிடையாது என்று முடித்தேன். அந்தோணிகூடக் கைதட்டினார். மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

பிறகு கேசரித் தட்டோடு சரண்யா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நல்லா பேசினீங்க சார்,” என்றாள். “ஆனா நன்றி சொல்லணும்னெல்லாம் இவரு வரல சார். அன்னைக்கு எங்கம்மா வீட்டுப் பலாவ விக்கக் கொண்டாந்தாரு. சந்தையில எல்லாப் பழமும் வித்துருச்சு, அது ஒண்ணு மட்டும் ஒரு பக்கம் அழுகல், யாரும் எடுக்கல. திரும்ப மலைக்குச் சுமக்கணுமான்னு பாத்திருக்காரு. உங்க வேன் நின்னுச்சாம்.”